கோபாலன் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை

எம். ஜே. கோபாலன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவைத் தவறாக எடுத்தவர். பழைய விளையாட்டு வரலாறு தெரிந்த தமிழர்களிடையே இது விசாரணை முடிந்த வழக்குப்போல ஆகிவிட்டது. கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடிய மனிதர். 1936-இல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. ஹாக்கியை விட்டுவிட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்குப் போனார். ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது. இங்கிலாந்துக்குப் போனவருக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில் வந்து நின்று பெருமூச்சு விடுகின்றன. 94 வயது வரை வாழ்ந்த ஒருவரின் வரலாறு ஒரே ஒரு கோடைக்காலத்துக்குள் சுருங்கிவிட்டது.

நாகர்கோவில் பக்கத்தில் இந்தக் கதை அறிவுரையாகவும் மாறியிருக்கிறது. காலையில் கால்பந்து, மாலையில் கிரிக்கெட் என்று இரண்டையும் விடாமல் ஆடுகிற பையனிடம், “மக்கா, ரெண்டு தோணியில கால் வைக்காத, எது கரை சேருமோ அதப் பிடி” என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அதற்குச் சான்றாகக் கோபாலனை இழுக்கிறார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்கிறார்கள். கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர் விஜயநகரம் இளவரசர் என்பதால் பழமொழி கச்சிதமாகப் பொருந்துவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது.

இந்தத் தீர்ப்பு தவறு. ஒரு மனிதருக்கு இழைத்த அநீதி என்பதோடு இது முடிந்துவிடவில்லை. இன்றைக்கு ஆடுகிற பிள்ளைகளின் தலையில் போய் விழுகிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. 1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவை 24-க்கு 1 என்ற கணக்கில் நொறுக்கி மறுபடியும் தங்கம் வாங்கியது. 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்குப் போன அணியில் கோபாலனே ஆடினார். அந்த அணியின் வலிமையை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்திலிருந்தே பார்த்தவர். மறுபக்கம் கிரிக்கெட்டின் நிலை என்ன? 1932-இல் லார்ட்ஸில் ஆடிய முதல் டெஸ்டில் தோல்வி. 1933-34-இல் சொந்த மண்ணில் இங்கிலாந்தோடு ஆடிய மூன்று டெஸ்டுகளில் இரண்டு தோல்வி, ஒன்று டிரா. 1936 பயணத்துக்குத் தலைவராக வந்தவர் ஆட்டத்தால் அந்த இடத்துக்கு வந்தவர் அல்ல. இத்தனையும் கண் முன்னால் கிடக்க, ஒருவர் ஹாக்கியைத்தானே பிடித்திருக்க வேண்டும்? நாள்காட்டி வேறு சேர்ந்து கொள்கிறது. 1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் இந்தியா ஜெர்மனியை 8-க்கு 1 என்று வென்று தங்கத்தைக் கைப்பற்றியது. அதே ஆகஸ்ட் 15 அன்றுதான் லண்டன் ஓவல் மைதானத்தில் தொடரின் கடைசி டெஸ்ட் தொடங்கியது. அந்தப் பதினொருவரில் கோபாலன் இல்லை.

வாதம் இதுதான். வலுவானது, மனத்தைப் பிசைவது என்பதை மறுக்கவில்லை. என் மறுப்புகள் இனி.

1. எந்தத் தேதியில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்கிறீர்கள்? ஆகஸ்ட் 15-இல் நிற்கிறீர்கள். கோபாலன் முடிவெடுத்தது அந்தத் தேதியில் அல்ல. இந்தியக் கிரிக்கெட் அணி மே மாதத் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஆட்டங்களைத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் கடற்பயணம், அதற்கும் முன் தேர்வு. ஹாக்கி அணி கப்பல் ஏறியதோ ஜூன் கடைசியில். அதாவது, ஒரு பக்கம் கையில் உறுதியாக வந்துவிட்ட அழைப்பு. மறுபக்கம் மாதங்கள் தள்ளி நிற்கிற வாய்ப்பு. இன்னும் ஆடாத ஓர் இறுதியாட்டத்தின் முடிவை வைத்து அந்த வசந்தகாலத்து மனிதரைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

தங்கம் எப்படியும் வந்திருக்கும் என்பவர்கள் ஒரு சேதியை மறந்துவிடுகிறார்கள். பெர்லின் போய் இறங்கிய இந்திய அணி, ஜூலை 17 அன்று ஜெர்மன் அணியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் 4-க்கு 1 என்று தோற்றது. உள்ளே பதற்றம் பரவி, இந்தியாவிலிருந்து தாரா என்ற வீரரை அவசரமாக வரவழைத்தார்கள். உலகமே வியந்த தியான் சந்த்துக்கே ஜூலை மாதத்தில் உறுதியில்லாத தங்கம், சென்னையில் இருந்த கோபாலனுக்கு அதற்கு மாதங்கள் முன்பே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

இன்னொன்று. அணியில் பெயர் இருப்பது வேறு, இறுதியாட்டத்தில் களம் இறங்குவது வேறு. 1935-இல் நியூசிலாந்து போனவர்கள் எல்லோரும் 1936-இல் பெர்லின் போகவில்லை. கோபாலன் ஹாக்கியைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஆகஸ்ட் 15 அன்று அவர் கழுத்தில் பதக்கம் இருந்திருக்கும் என்று சொல்பவர், நடக்காத பல படிகளை நடந்ததாக வைத்துக்கொண்டு பேசுகிறார். கிரிக்கெட்டில் நடந்த உண்மையான ஏமாற்றத்தை ஹாக்கியின் கற்பனை வெற்றியோடு தராசில் வைத்தால் எந்த மனிதரும் தோற்றுத்தான் போவார்.

விளைவை வைத்து முடிவெடுத்தவரைப் பழிக்கிற இந்தப் பழக்கம் நம் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, எச்சரிக்கை வந்து சேர்வதற்கு நாட்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களைப் பார்த்து, “ஏன் போனார்கள்?” என்று கரையில் உட்கார்ந்து கேட்டவர்கள் இருந்தார்கள். உயிரிழப்பையும் பதக்க இழப்பையும் ஒரே அளவில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் இரண்டு இடத்திலும் வேலை செய்கிற தர்க்கம் ஒன்றுதான். போனவருக்கு அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, சொல்ல வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் தாண்டிக் குதித்துவிட்டு, நேராகப் பாதிக்கப்பட்டவர்மேல் போய் விழுகிற தர்க்கம்.

2. கிரிக்கெட் அவருக்குப் பொழுதுபோக்காகவா இருந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. கோபாலனின் பிழைப்பு எங்கே இருந்தது என்று பார்க்காமல் அவருடைய முடிவை எடைபோட முடியாது.

அவர் செங்கல்பட்டு வட்டாரத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். ராஜா வீட்டுப் பிள்ளை அல்ல. அவருடைய பந்துவீச்சைக் கவனித்துக் கைதூக்கி விட்டவர் சி. பி. ஜான்ஸ்டன், சென்னையின் ஐரோப்பியக் கிரிக்கெட் வட்டாரத்தில் பெரிய புள்ளி. பர்மா ஷெல் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலை கிடைத்ததும் அவர் வழியாகத்தான். அந்தக் காலத்து இந்திய விளையாட்டுக்காரனின் வாழ்க்கை முழுவதும் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. ஆடுவதற்கு நேரடியாகச் சம்பளம் கிடையாது. ஆடத் தெரிந்தவனுக்கு ஒரு கம்பெனியோ, ரயில்வேயோ, ராணுவமோ, சமஸ்தானமோ வேலை கொடுக்கும். வேலை சோறு போடும், சோறு ஆட்டத்தைத் தாங்கும்.

இங்கிலாந்தில் அப்போது பணம் வாங்காமல் ஆடுபவர், பணத்துக்கு ஆடுபவர் என்று இரண்டு சாதி உண்டு. பல மைதானங்களில் உடைமாற்றும் அறையும் உள்ளே வரும் வாசலும்கூட இரண்டு. இந்தியாவில் அந்தப் பிரிவு இவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஆனாலும் உள்ளே இருந்தது. ராஜாக்கள் ஆசைக்கு ஆடினார்கள், மற்றவர்கள் பிழைப்புக்கு ஆடினார்கள். இந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளர் அமர் சிங் இங்கிலாந்தின் லங்காஷயர் லீகில் கோல்ன் என்ற சிற்றூர் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடினார். 1936-இல் டெஸ்ட் ஆடுவதற்குக்கூட அந்தச் சங்கம் அவரை விடுவிக்க வேண்டியிருந்தது. சென்னையில் ஏ. ஜி. ராம் சிங் பயிற்சியாளராகவே வாழ்ந்தார். தொழில்முறை விளையாட்டு என்று நாம் இன்று சொல்வதன் முதல் தலைமுறை இவர்கள்தான். கோபாலனும் அந்த வரிசையில் நிற்பவர்.

அவருடைய கிரிக்கெட் வாழ்க்கை 1936 தொடக்கத்தில் எந்த நிலையில் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த மாதம் அதே தொடரின் டெஸ்ட் சென்னை சேப்பாக்கத்தில், அவருடைய சொந்த மைதானத்தில் நடந்தது. அதில் அவருக்கு இடமில்லை. அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று அதே சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ராம் சிங் 11 விக்கெட் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. இப்படி, ஒரு டெஸ்ட் ஆடி ஓரங்கட்டப்பட்ட 26 வயது வேகப்பந்து வீச்சாளர், தன் மாகாணத்துக்காக மறுபடி முதல் வரிசைக்கு வந்து நிற்கிறார். இங்கிலாந்துப் பயணத்துக்கு அழைப்பு வருகிறது. வேகப்பந்து வீசுகிறவனுக்கு அந்த வயது மறுபடி வராது. அடுத்த இங்கிலாந்துப் பயணம் எப்போது வரும் என்றும் யாராலும் சொல்ல முடியாது. உண்மையில் அது 1946-இல்தான் வந்தது, நடுவில் ஒரு உலகப்போர் முடிந்த பிறகு.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நிதானமாக யோசித்துப் பாருங்கள். கிரிக்கெட் அவருக்குத் தொழில், வேலைக்கு வழி, விட்ட இடத்தைப் பிடிக்கும் கடைசி வாய்ப்பு. ஹாக்கி அவர் அழகாக ஆடிய இரண்டாவது ஆட்டம். தொழிலைத் தேர்ந்தெடுத்த மனிதரை, பதக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று நாம் எண்பது வருடங்களுக்கு மேலாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். தொழிலை விட்டுவிட்டு ஒரு கோடைக்காலத்துப் புகழுக்குப் போயிருந்தால், பொறுப்பில்லாதவர் என்று நாமே சொல்லியிருப்போம்.

3. குற்றம் யாருடையது? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்று சொல்கிறவர்கள் எப்போதும் அந்தப் பெண்ணைத்தான் திட்டுகிறார்கள். நம்பிக்கை கொடுத்துக் கைவிட்ட அரசனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கோபாலன் விஷயத்திலும் அதே கதைதான். எனவே அரசனைக் கொஞ்சம் கேட்போம்.

1936 இந்திய அணியின் தலைவராக விஜயநகரம் இளவரசர் மூன்று டெஸ்டிலும் ஆடினார். ஆறு இன்னிங்ஸில் அவர் எடுத்தது 33 ரன். லாலா அமர்நாத் நல்ல ஆட்டத்தில் இருந்த நேரத்தில், முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி ஊருக்கு அனுப்பப்பட்டார். அணிக்குள் மூத்த வீரர் சி. கே. நாயுடுவுக்கு ஒரு கட்சி, தலைவருக்கு ஒரு கட்சி. அந்தப் பயணம் இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் நிர்வாகச் சீர்கேட்டுக்குப் பெயர் போனது. அங்கே போன ஒரு பந்துவீச்சாளர் மைதானத்துக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டார் என்றால், விசாரிக்க வேண்டியது உட்கார வைத்தவர்களை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முகமது நிசாரும் அமர் சிங்கும் அன்றைக்கு உலகத்தரத்து வேகப்பந்து ஜோடி. லார்ட்ஸில் அமர் சிங் 35 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். எவ்வளவு நேர்மையான தேர்வுக்குழு இருந்தாலும் கோபாலன் அவர்களைத் தள்ளிவிட்டு உள்ளே வருவது கடினம். ஆனால் தலைவரின் இடம் ஒன்று காலியாகியிருந்தால் ஒரு பந்துவீச்சாளருக்கோ துடுப்பாட்டக்காரருக்கோ வழி பிறந்திருக்கும். அதுகூட எதிர்பார்க்கக்கூடாத ஒன்றா? இல்லை. 1932-இல் இங்கிலாந்து போன அணிக்கும் தலைவர் ஒரு ராஜாதான், போர்பந்தர் மகாராஜா. தன் ஆட்டத்தின் அளவு தெரிந்த அவர் லார்ட்ஸ் டெஸ்டுக்குத் தானே ஒதுங்கி நாயுடுவிடம் அணியை ஒப்படைத்தார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ராஜா இப்படிப் பெருந்தன்மையாக நடந்திருக்க, அடுத்தவரும் அப்படி நடப்பார் என்று 1936 தொடக்கத்தில் ஒரு வீரர் நம்பியிருந்தால் அது மடத்தனம் ஆகாது.

அதே கப்பலில் போன இன்னொரு சென்னைக்காரரைப் பற்றி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வாய் திறப்பதே இல்லை. கோட்டா ராமசுவாமி, சென்னைக் கிரிக்கெட்டின் முன்னோடி புச்சிபாபுவின் மகன். 1922-இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர். 1936-இல் அவருக்கு வயது 40. அந்த வயதில் ஓல்ட் டிராஃபோர்டில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று எடுத்தார். ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டே டெஸ்ட், சராசரி 56-க்கு மேல். கோபாலனைப் போலவே இரண்டு ஆட்டம் ஆடியவர், அவரைப் போலவே சென்னை, அதே பயணம், அதே தலைவர். வேறுபாடு ஒன்றுதான்: ராமசுவாமிக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள், கோபாலனுக்குக் கொடுக்கவில்லை. ராமசுவாமி போனது சரி, கோபாலன் போனது தவறு என்றால், சரியும் தவறும் போனவரிடம் இல்லை, தேர்வுக்குழுவின் கையில் இருந்தது என்றுதானே அர்த்தம்?

4. பதக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்குக் கற்பனை தேவையில்லை. பதக்கம் வாங்கியவர்களின் வாழ்க்கை கண் முன்னால் இருக்கிறது. பெர்லினில் தங்கம் வாங்கிய அணியில் தியான் சந்த், அவர் தம்பி ரூப் சிங், தாரா தவிர இன்னும் நான்கு பேர் பெயரை நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? காலிபார்டி, குல்லன், டாப்செல், ஆலன், எம்மெட் என்று ஆங்கிலோ இந்தியர்கள் பலர் இருந்த அணி அது. காலிபார்டி பிற்பாடு இங்கிலாந்தில் குடியேறி 2011 வரை வாழ்ந்தார். அவர் இறந்த செய்தி நம் ஊர்ப் பேச்சில் ஒரு நாள்கூட அடிபடவில்லை. தங்கம் பெயரைக் காப்பாற்றும் என்பவர்கள் இந்தப் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

தியான் சந்த் விஷயம் இன்னும் கொடுமை. மூன்று ஒலிம்பிக் தங்கம். அவருக்கும் சோறு போட்டது ஹாக்கி அல்ல, ராணுவம்தான். சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக 1956-இல் ஓய்வு பெற்றார். கடைசிக் காலத்தில் கைக்கும் வாய்க்குமான வாழ்க்கை. 1979 டிசம்பரில் டெல்லியில் அரசு மருத்துவமனையின் பொது வார்டில் இறந்தார். மூன்று தங்கம் அவருக்கே செய்யாததை, ஒரு தங்கம் கோபாலனுக்குச் செய்திருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கோபாலனின் பிற்காலத்தைப் பார்ப்போம். 1950களின் தொடக்கம் வரை முதல்தர கிரிக்கெட் ஆடினார். சென்னை அணிக்குத் தலைமை தாங்கினார். மொத்தம் 190-க்கு மேல் விக்கெட், 2900 ரன் பக்கத்தில். இந்திய அணியின் தேர்வாளராகவும் இருந்தார். அவர் பெயரில் 1952-53 பருவத்திலிருந்து சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு கோப்பை தொடங்கியது. இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது 1982-இல். அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளில் தரமான எதிரணியோடு மோதிப் பார்க்க இலங்கைக்குக் கிடைத்த வழிகளில் கோபாலன் கோப்பை ஆட்டங்கள் முக்கியமானவை. ஒரு நாட்டின் கிரிக்கெட் முளைவிட்ட காலத்தில் அதற்கு மண்ணாக இருந்த போட்டிக்கு ஒருவர் பெயர் இருக்கிறது. அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்தைக் கொண்டாடி வைத்த பெயர். 1964-இல் பத்மஸ்ரீ. 2003 டிசம்பர் 21-இல் இறந்தபோது உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் அவரே மூத்தவர். இதை வீணாய்ப்போன வாழ்க்கை என்று சொல்பவரிடம் வேறு அளவுகோல் எதுவும் இல்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

நாஞ்சில் நாட்டுக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. கோபாலன் அந்த முதல் பந்தை வீசிய 1934-இல் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. திருவிதாங்கூருக்கு ரஞ்சிக் கோப்பையில் அணியே கிடையாது. கோதவர்மா ராஜா போன்றவர்களின் முயற்சியில் திருவிதாங்கூர்-கொச்சி 1951-இல்தான் அந்தப் போட்டிக்குள் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகு, இங்கே பந்து வீசிப் பழகுகிற பையனுக்கு மேலே ஏறிப் போக இருந்த படி சென்னை அணி. அந்தப் படியைக் கட்டிய கைகளில் கோபாலனின் கையும் ஒன்று. ஒலிம்பிக் பதக்கம் ஒருவருடைய அலமாரியில் இருந்திருக்கும். அவர் ஆடி வளர்த்த அணியில் நமக்கும் பங்கு கிடைத்தது.

5. இந்தத் தீர்ப்பை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக்கினால் என்ன நடக்கும்? இதுதான் என்னை அதிகம் உறுத்துகிற கேள்வி. “ஜெயிக்கிற ஆட்டத்தைப் பிடி” என்பது அறிவுரையின் சாரம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இன்று நடப்பது முழுக்க வீண்.

நீரோடியிலிருந்து இரவிபுத்தன்துறை வரை அந்தக் கரையில் கால்பந்து எப்படி ஊறிக் கிடக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் மணலில் பந்து, ஊர்த் திருவிழாவுக்குக் கால்பந்துப் போட்டி, ஊருக்கு ஊர் அணி. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையிலிருந்து கிளம்பி சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று ஆடி, ஏடிகே அணியோடு 2019-20 இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றார். 2020-இல் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். கோபாலனை அளந்த அதே அளவுகோலை இப்போது இங்கே வைத்துப் பாருங்கள். இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் கடைசியாக ஆடியது 1960-இல், ரோமில். அதன் பிறகு தகுதி பெறவே இல்லை. பதக்கம் வரும் ஆட்டத்தைத்தான் ஆட வேண்டும் என்றால், அந்தக் கரையில் பந்தைத் தொடும் ஒவ்வொரு பையனும் கோபாலன் செய்த ‘தவறை’த்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறான். அவர்களிடம் போய், மக்கா, இந்தப் பந்தைப் போட்டுவிட்டு பதக்கம் வருகிற வேறு எதையாவது எடு என்று சொல்லத் துணிவார்களா? சொன்னால் அந்த ஊர்கள் என்ன பதில் சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

இந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு நியாயமான கவலை இருப்பதை நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி இடத்துக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் சோற்றுக்கு வழி. கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டிலும் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிற வீட்டிலும் பிள்ளை எந்த ஆட்டத்தில் சான்றிதழ் வாங்குவான் என்று பெற்றோர் கணக்குப் போடுவதில் என்ன குற்றம்? ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்தான் கோபாலனும். அவர் சோற்றுக்கு வழியைத் தேர்ந்தெடுத்தார். பதக்கத்தை விட்டதற்காக அவரைப் பழிப்பதும், பிழைப்பைப் பார் என்று பிள்ளைக்குச் சொல்வதும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இரண்டு தோணி விஷயத்தையும் பேசிவிடுகிறேன். கோபாலனின் காலத்தில் சென்னையில் ஒரே ஆள் ஒரு பருவத்தில் கிரிக்கெட்டும் இன்னொரு பருவத்தில் ஹாக்கியும் ஆடுவது விசித்திரம் அல்ல. ஒன்றில் பழகிய கண்ணும் காலும் மற்றதற்கு உதவின. ஆனால் இரண்டு ஆட்டத்திலும் நாட்டுக்காக ஆடியவர்கள் குறைவு. அப்படிப்பட்ட ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்திருக்க, அவரைப் பெருமைக்குச் சான்றாகக் காட்டாமல் எச்சரிக்கைக்குச் சான்றாகக் காட்டுகிறோம். பன்னிரண்டு வயதில் ஒரே ஆட்டத்தில் பிள்ளையைப் பூட்டிவைக்கிற இன்றைய பழக்கத்துக்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது அவர் வாழ்ந்த வாழ்க்கையையே தலைகீழாக்குவது.

கடைசியாக ஒரு தடை எழுப்பப்படலாம்: பதக்கம் போனதில் அவருக்கே வருத்தம் இருந்திருக்காதா? இருந்திருக்கலாம். ஓவலில் வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு பெர்லின் செய்தி வந்தபோது நெஞ்சு கனத்திருந்தால் அது மனித இயல்பு. இழப்புக்கு வருந்துவதும் தவறுக்கு வருந்துவதும் ஒன்றல்ல. சரியான முடிவெடுத்தும் இழப்பு வரும், வந்தவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அவருடைய வருத்தத்தை அவருக்கே விட்டுவிடலாம். அதை எடுத்து அவருக்கு எதிரான தீர்ப்பாக எழுத நமக்கு உரிமை இல்லை.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கிலும் தூத்தூர்க் கரையிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அண்ணன்மாருக்கு என் வேண்டுகோள்: கோபாலன் கதையைச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் என்று தொடங்குங்கள். 1936-க்கு வரும்போது, ஆறு இன்னிங்ஸில் 33 ரன் எடுத்தவர் மூன்று டெஸ்டிலும் ஆட, இவரை வெளியே உட்கார வைத்தார்கள் என்று சொல்லுங்கள். அந்த வருடம் தவறு செய்தவர்கள் அந்த அணியை நடத்தியவர்கள்.